கடலோரம் சிரிக்கக் கூடாதா?

கேரளக் கடற்கரை ஊரான விழிஞ்ஞத்து வாசகசாலைக் கூட்டத்தில் ஒரு மூத்த நாடகாசிரியர் பேசினார். தொலைக்காட்சி ஒன்று நகைச்சுவைத் தொடருக்கான எழுத்துப் போட்டியை அறிவித்திருக்கிறது. எங்கள் கரையின் இளைஞர்கள் சிலர் அதற்கு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எழுதாதீர்கள் என்று சொல்வதற்காகவே அவர் மைக்கைப் பிடித்தார். போட்டியிலிருந்து எழுத்தாளன் பிறப்பதில்லையாம். நகைச்சுவை நடிகனின் கலை, அதைத் தாளில் எடைபோட முடியாதாம். அனுப்பினால் கதை களவு போகுமாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒக்கி புயலில் ஆட்களைப் பறிகொடுத்த கரை சிரிப்பு எழுதுவது இறந்தவர்களை அவமதிப்பதாம். கைதட்டல் விழுந்தது. அவர் சொன்னதில் ஒன்றுகூட நிற்காது என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் போட்டி. கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மோகன் என்ற மாணவர், 1972இல் கல்லூரிகளுக்கிடையிலான நாடகப் போட்டிக்கு ‘கிரேட் பேங்க் ராபரி’ எழுதினார். அவருடைய முதல் நாடகம் அதுதான். எழுத்துக்கும் நடிப்புக்கும் பரிசு கிடைத்தது, கொடுத்தவர் கமல்ஹாசன். நான்கு வருடம் கழித்து எஸ்.வி. சேகர் குழுவுக்காக ‘கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ எழுதி கிரேஸி மோகன் ஆனார். அன்று பரிசு கொடுத்த அதே கமலுக்குப் பின்னாளில் ‘மைக்கேல் மதன காம ராஜன்’, ‘அவ்வை சண்முகி’, ‘பஞ்சதந்திரம்’ என்று வசனம் எழுதினார். கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குனர்’ குறும்படப் போட்டி, எழுத்துப் போட்டி அல்ல. ஆனாலும் ஆள் தெரியாதவனுக்குத் திறந்த கதவு அது. கார்த்திக் சுப்பராஜும் நலன் குமரசாமியும் பாலாஜி மோகனும் அதன் வழியாகத்தான் உள்ளே வந்தார்கள். ஆலுவாக்காரரான அல்போன்ஸ் புத்ரனும் அங்கே போட்டியிட்டவர்தான். பரிசு வாங்கிய பலர் காணாமல் போனார்களே என்கிறார் நாடகாசிரியர். போனார்கள். போட்டிக்கே போகாமல் காணாமல் போனவர்களை எண்ணியது யார்? வள்ளக்காரன் மகளுக்குக் கொச்சியில் எந்தத் தயாரிப்பாளரைத் தெரியும்? இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: இவருடைய பெயரை ஊர் அறியச் செய்ததே பெருநாள்களில் நடந்த நாடகப் போட்டி மேடைகள்தான். தான் ஏறி வந்த படியை அடுத்தவன் ஏறும்போது இடிப்பது நியாயமில்லை.

தாளில் எடைபோட முடியாது என்பது சோம்பேறித்தனமான பேச்சு. எங்கள் கரைப் பெண் ஒருத்தி எழுதியிருக்கும் முதல் பகுதியை வாசித்துவிட்டுச் சொல்கிறேன். ஒரு வீட்டில் மாமியாரும் மருமகளும் மீன் விற்கிறவர்கள், பேச்சுவார்த்தை இல்லை. அன்று சாளை நன்றாக விழுந்திருக்கிறது. இருவருக்கும் ஒரே குவியல்மேல் கண். மற்றவளுக்குத் தெரியக் கூடாதென்று மாமியார் பக்கத்து வீட்டுப் பையனை லேலத்துக்கு, அதாவது ஏலத்துக்கு, அனுப்புகிறாள், மருமகள் தன் தம்பியை அனுப்புகிறாள். பையன்கள் இருவரும் விட்டுக்கொடுக்காமல் கேட்கக் கேட்க விலை ஏறுகிறது. “சாளைக்கு இம்புட்டு விலையா? எந்தப் பேய் கேக்கான்?” என்று வீட்டு வாசலில் இருந்துகொண்டே கத்துகிறாள் மாமியார். உள்ளே அடுப்படியில் மருமகளும் அதையேதான் கேட்கிறாள். மீன் யாருடைய வள்ளத்தில் வந்தது? மாமனாரின் வள்ளத்தில். வள்ளத்தின்மேல் லேலக்காரரிடம் வாங்கிய கடன் இருப்பதால் பிடித்ததை நேரே வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அந்த லேலக்காரர் கையால்தான் விற்றாக வேண்டும். ஆக, சொந்த மீனை சொந்தப் பணத்தால் இரட்டை விலைக்கு வாங்கிய அந்த வீட்டில் அன்று லாபம் பார்த்தவர், கமிஷன் எடுத்துக்கொண்ட லேலக்காரர் ஒருவர்தான்.

இதைப் புரிந்துகொள்ள நடிகன் வேண்டுமா? யாருக்கு எது தெரியும், யாருக்கு எது தெரியாது, எந்த இடத்தில் அது உடைகிறது என்பதெல்லாம் தாளிலேயே இருக்கிறது. நல்ல நடிகன் அதை உயர்த்துவான். இல்லாததை உண்டாக்க மாட்டான். குறையும் தாளிலேயே தெரிகிறது: இரண்டாம் காட்சியில் பங்குத்தந்தை வந்து புத்தி சொல்வது தேவையில்லை, ஓட்டம் தடைபடுகிறது. அவளிடம் சொன்னேன், அதை அடித்துவிட்டாள். நடுவர் தவறக்கூடும் என்பது உண்மை. ‘ஃபால்டி டவர்ஸ்’ தொடரின் எழுத்துப்பிரதியை 1974இல் படித்த பிபிசிக்காரர் ஒருவர், தேய்ந்துபோன பாத்திரங்கள், இது தோற்றுவிடும் என்று குறிப்பு எழுதினார். மறு வருடம் தொடர் வந்தது. மொத்தம் 12 பகுதிகள்தான். 2000இல் பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனத்தின் வாக்கெடுப்பு அந்நாட்டின் தலைசிறந்த தொலைக்காட்சி நிகழ்ச்சியாக அதைத்தான் முதலிடத்தில் வைத்தது. நடுவர் தவறுவார் என்றால் இன்னொரு நடுவரிடம் போக வேண்டும். எழுதுவதை நிறுத்தச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

களவைப் பற்றி அவர் அச்சமூட்டியது பொறுப்பில்லாத செயல். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் எழுதி முடித்த வடிவத்தைக் காக்கிறது. மனதிலிருக்கும் யோசனையைக் காப்பதில்லை. டீக்கடையில் இயக்குநரிடம் கதை சொல்லிவிட்டு வருகிறவனுக்குத்தான் ஆபத்து அதிகம். முழுப் பிரதி எழுதி, தேதியோடு நகல் வைத்திருப்பவள் கையில் ஆதாரம் இருக்கிறது. போட்டி விதிகளை வரிவரியாகப் படியுங்கள். அனுப்பிய எல்லாப் படைப்புகளின் உரிமையும் நடத்துபவருக்கே என்று இருந்தால் அனுப்பாதீர்கள். அக்கறை இருந்திருந்தால் இதை அவரே மேடையில் சொல்லியிருக்கலாம்.

கடைசி வாதம்தான் என்னைக் கொதிக்க வைத்தது. 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி இந்தக் கடலில் வீசியபோது விழிஞ்ஞத்திலிருந்தும் பூந்துறையிலிருந்தும் தூத்தூர்க் கரையிலிருந்தும் போனவர்கள் பலர் திரும்பவில்லை. அந்த வீடுகளில் யாரும் எங்களுக்காக அழுகையை மட்டும் எழுதுங்கள் என்று கேட்கவில்லை. கேட்பவர்கள் வெளியிலிருந்து வருகிறவர்கள். அவர்களுக்கு மீனவத் தாய் என்றால் ஒப்பாரி, தகப்பன் என்றால் குடி, மனைவி என்றால் கரையில் நின்று கடலைப் பார்ப்பவள். 2022இல் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு எதிராக நாலு மாதம் பந்தலில் உட்கார்ந்தோமே, அங்கேயும் கேமராக்கள் அழுகிற முகத்தைத்தான் தேடின. அதே பந்தலில் எங்கள் பெண்கள் மந்திரி முதல் மாமியார் வரை ஒவ்வொருவராகப் பேசிக் காட்டி வயிறு குலுங்கச் சிரித்ததை ஒருவரும் படம்பிடிக்கவில்லை. 2025 மே 2ஆம் தேதி பிரதமர் வந்து துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். எங்கள் நஷ்டஈட்டுக் கதைகள் இன்னும் அலுவலக ஜன்னல்களில் நிற்கின்றன. அந்த ஜன்னலில் மனிதர் படும் பாட்டை 2011 முதல் மழவில் மனோரமாவின் ‘மறிமாயம்’ நகைச்சுவையாகவே காட்டிவருகிறது. அதனால் எந்த ஏழையும் அவமானப்படவில்லை. அவமானப்பட்டது ஜன்னலுக்கு உள்ளே இருப்பவர்கள். லேலக்காரர் கடனைப் பற்றிக் கண்ணீர் வழிய எழுதிய எந்த நாடகமும், அந்தக் கடன் எப்படி வேலை செய்கிறது என்பதை இந்தப் பெண்ணின் சாளைக் குவியல் அளவுக்கு எனக்கு விளக்கியதில்லை.

எங்கள் பேச்சு யாருக்கும் புரியாது என்றும் போகிற போக்கில் சொன்னார். ‘உப்பும் முளகும்’ தொடரில் பிஜு சோபானம் பேசியது எங்கள் திருவனந்தபுரத்துப் பேச்சு.  கேரளம் முழுக்க அந்தத் தொடரை உட்கார்ந்து பார்த்தது.

2020ஆம் ஆண்டின் கேரள மாநிலத் தொலைக்காட்சி விருதுகளில் சிறந்த தொடருக்கான விருதுக்கு எதுவும் தகுதியில்லை என்று நடுவர் குழு கைவிரித்தது. தொலைக்காட்சி குப்பை, அதற்கு எழுதாதீர்கள் என்பதற்கு நாடகாசிரியர் இதைச் சான்றாகக் காட்டினார். நெல் விளையவில்லை என்றால் விதைக்கிறவனை விரட்டுவார்களா? எழுதத் தெரிந்தவர்கள் வராததால்தான் அந்த விருது ஆளில்லாமல் கிடந்தது.

ஐயா, அந்தப் பிரதி வாசகசாலை மேசையில் இருக்கிறது. கூட்டத்துக்கு முன்பே அங்கேதான் இருந்தது. நீங்கள் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. இப்போதாவது படியுங்கள். எந்தக் காட்சி நிற்கவில்லை, எந்த வசனம் பொய் என்று பக்கம் குறித்துச் சொல்லுங்கள். அவள் திருத்துவாள். படிக்காமல் நீங்கள் சொன்ன எதற்காகவும் அவள் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியதில்லை. கெடு முடிவதற்குள் அனுப்பிவிடச் சொல்லியிருக்கிறேன்.