சுவரில் ஓர் ஆணி



சென்ற இதழில் குளிர்காலத்தில் சுவரில் பூஞ்சணம் பிடிப்பதைப் பற்றி எழுதியிருந்தோம். அதை வாசித்த ஒரு அக்கா லாச்சப்பலில் மரக்கறிக் கடை வாசலில் எம்மை மறித்தார். "தம்பி, சுவரைத் துடைக்கிறது சரி. அந்தச் சுவரிலை என்னத்தை மாட்டுறது எண்டும் ஒருக்கா எழுதுங்கோவன்" என்றார். நாம் சிரித்துச் சமாளித்துக்கொண்டு வந்துவிட்டோம். ஏனென்றால் எமது வீட்டுச் சுவரில் அப்போது ஒரு கலண்டரைத் தவிர வேறெதுவும் இல்லை. அதுவும் கடைக்காரர் இனாமாகத் தந்தது.

சில நாட்களில் எமது மூத்த மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. வகுப்புப் பிள்ளைகளைப் பெரிய மனிதர் ஒருவரின் வீட்டைக் காட்டக் கூட்டிப்போகிறார்களாம், துணைக்குப் பெற்றோர் இருவர் வரவேண்டுமாம். அந்தக் கிழமை எமக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. காலையில் வேலை முடிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனோம்.

பார்க்கப்போனது விக்டர் ஹியூகோவின் வீடு. நாம் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர்கள். அவருடைய புத்தகம் எதையும் வாசித்ததில்லை. ஆனால் 'ஏழை படும் பாடு' என்றால் எமது அம்மாவுக்குத் தெரியும். 1950 இல் வந்த அந்தப் படத்தின் கதை, சுத்தானந்த பாரதியார் தமிழில் தந்த ஹியூகோவின் நாவல்தான்.

பஸ்டிலுக்குக் கிட்ட, பிளாஸ் தே வோஸ்ஜ் சதுக்கத்தில் 6 ஆம் இலக்கம். அதன் இரண்டாம் மாடியில் 1832 முதல் 1848 வரை ஹியூகோ குடும்பத்தோடு இருந்தார். சொந்த வீடல்ல, வாடகை வீடு. இதைக் கேட்டதுமே எமக்கு அவர்மேல் ஒரு பற்று வந்துவிட்டது.

உள்ளே போனால் ஓர் அறை முழுக்கச் சிவப்புத் துணி போர்த்த சுவர்கள். அடுத்தது சீன அறை. சுவரெல்லாம் பீங்கான் தட்டுகள், கிண்ணங்கள், வண்ணம் தீட்டிய மரப்பலகைகள். அந்தப் பலகைகளை வடிவமைத்தவர் ஹியூகோவேதான். இன்னோர் அறையில் சித்திரவேலை செய்த கனத்த மரத் தளபாடங்கள். கடைசியாக அவர் 1885 இல் உயிர்விட்ட படுக்கையறையை, அந்த வீட்டில் இருந்தது போலவே இங்கே கொண்டுவந்து அமைத்திருக்கிறார்கள்.

நாம் அரைத்தூக்கத்தில் நின்றாலும் ஒன்றை மட்டும் கேட்டுவைத்தோம். இவ்வளவும் அவர் இந்த வீட்டில் வைத்திருந்த சாமான்கள்தானா? விளக்கம் சொன்ன பெண் இல்லையென்று தலையாட்டினார். அவருடைய பழைய வீட்டுச் சாமான்கள் 1852 ஜூனில் ஏலத்தில் போய்விட்டனவாம். அப்போது அவர் நாட்டிலேயே இல்லையாம். அதோடு எமது தூக்கம் போய்விட்டது.

கதை இதுதான். 1851 டிசம்பர் 2 இல் லூயி நெப்போலியன் ஆட்சியைத் தன் கையில் எடுத்துக்கொண்டான். எதிர்த்து நின்ற ஹியூகோ ஒளிந்து திரிந்தார். டிசம்பர் 11 இரவு, ஓர் அச்சகத் தொழிலாளியின் பெயரிலிருந்த பாஸ்போட்டோடு, தொழிலாளி உடையில் பிரசெல்சுக்கு ரயில் ஏறினார். ஏறிய இடம் எது தெரியுமா? நாம் நாளாந்தம் மெற்றோ மாறுகிற எங்கள் கார் து நோர்! வேறொருவரின் பாஸ்போட்டில் பயணம் செய்வதென்றால் வயிற்றுக்குள் என்ன செய்யும் என்பதை எமது வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

பிரசெல்சிலிருந்து ஜேர்சித் தீவுக்குப் போனார். 1855 இல் அங்கிருந்தும் வெளியேற்றினார்கள். பக்கத்திலுள்ள கேர்ன்சித் தீவுக்குப் போய், 1856 இல் ஒரு வீட்டை வாங்கினார். கவிதைப் புத்தகம் விற்ற காசில் வாங்கிய அந்த ஓத்வில் மாளிகைதான் அவர் தன் வாழ்நாளில் வாங்கிய ஒரே வீடு. சொந்தமாக வீடு இருந்தால் லேசில் துரத்தமுடியாது என்பதும் வாங்கியதற்கு ஒரு காரணம்.

அந்த வீட்டை அவர் அலங்கரித்த விதத்தைக் கேளுங்கள். தீவில் கிடைத்த பழைய மரப்பெட்டிகளைத் தேடித்தேடி வாங்கினார். அவற்றைக் கழற்றி, பலகைகளை வேறுவிதமாகச் சேர்த்து, கதிரையாகவும் அலுமாரியாகவும் சுவர்ப்பலகையாகவும் தச்சர்களைக் கொண்டு செய்வித்தார். சித்திரத் துணிகளைச் சுவரில் மட்டுமல்ல, கூரையிலும் அடித்தார். சாப்பாட்டு அறைக்கு வெள்ளையும் நீலமுமான ஓடுகள் பதித்தார். உச்சியில் கடலைப் பார்த்தபடி ஒரு கண்ணாடி அறை கட்டுவித்தார். வானம் வெளித்த நாளில் அங்கிருந்து பிரான்சின் கரை தெரியும். அங்கே நின்றுகொண்டுதான் எழுதுவார். 'ஏழை படும் பாடு' கதையை முடித்து 1862 இல் வெளியிட்டதும் அந்தத் தீவில் இருக்கும்போதுதான்.

சாப்பாட்டு அறையில் இரண்டு விசயங்கள் உண்டு. ஒன்று, வாழ்க்கையே நாடுகடந்த வாழ்வுதான் என்ற கருத்தில் லத்தீனில் பொறித்த வாசகம். மற்றது, குறுக்கே சங்கிலி போட்ட ஒரு வெறும் கதிரை. அதில் எவரும் உட்காரக்கூடாது. அது இறந்துபோன முன்னோருக்கு.

அந்தக் கதிரையைப் பற்றிக் கேட்டதிலிருந்து எமக்கு மனம் ஒரு நிலையில் இல்லை.

திரும்பும்போது மெற்றோவில் மகள் கேட்டாள்: "அப்பா, அவரும் திரும்பிப் போறதுக்குத்தானே இருந்தவர்? பிறகேன் வீட்டை அப்பிடி வடிவாக்கினவர்? எங்கட வீட்டுச் சுவரிலை ஏன் ஒண்டுமே இல்லை?"

எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை. எமது செற்றி றோட்டில் எடுத்தது. மேசை எமாவுஸ் கடையில் வாங்கியது. அதில் வெட்கமில்லை, ஹியூகோவும் பழைய சாமான்தான் வாங்கினார். ஆனால் அலுமாரிக்கு மேலே ஒரு சூட்கேஸ் இருக்கிறது. வந்த நாளிலிருந்து அதை முழுதாகக் காலியாக்கவில்லை. அதற்குள் ஒரு துவாயில் சுற்றியபடி எமது ஐயாவின் படம். நாம் இங்கு வந்த இரண்டாம் வருடம் ஐயா ஊரில் காலமானார். விசா இல்லாததால் போகமுடியவில்லை. வந்த ஒருவரிடம் அம்மா அந்தப் படத்தைக் கொடுத்தனுப்பினார். ஊருக்குப் போய்த்தான் மாட்டுவது என்று வைத்துவிட்டோம். உண்மையைச் சொன்னால், இங்கே மாட்டினால் இனிப் போவதில்லை என்று நாமே எழுதிக் கையெழுத்து வைத்ததுபோல ஆகிவிடும் என்ற பயம்.

ஹியூகோ அப்படி நினைக்கவில்லை. 1859 இல் மன்னிப்பு அறிவித்தபோது, விடுதலை திரும்பும்வரை தானும் திரும்பப்போவதில்லை என்று மறுத்துவிட்டார். கூரைவரை அலங்கரித்த வீட்டிலிருந்துகொண்டே பிரான்சின் கரையைப் பார்த்திருந்தார். 1870 செப்டெம்பர் 5 இல், ஏறத்தாழ 19 வருடம் கழித்து, அதே கார் து நோரில் வந்து இறங்கினார். வரவேற்கப் பெருங்கூட்டம் நின்றது. வீட்டை அழகாக்கியது திரும்பிவருவதற்குத் தடையாக இருக்கவில்லை.

நமது பாரதியாரும் இப்படித்தான். ஹியூகோ பிரித்தானிய முடிக்குரிய தீவில் தஞ்சம் புகுந்தார். பாரதியாரோ பிரித்தானியரிடமிருந்து தப்பி, 1908 இல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குப் போனார். போன இடத்தில் பத்து வருடம் வாழ்ந்தார், எழுதினார். நாளைக்குப் போய்விடுவோம் என்று எழுதாமல் இருக்கவில்லை.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. வடிவான வீடு எல்லாத் துன்பத்தையும் ஆற்றாது. ஹியூகோவின் மனைவியும் பிள்ளைகளும் தீவு வாழ்க்கை அலுத்து ஒவ்வொருவராக வெளியேறினார்கள். ஆகவே ஆணி அடிக்கமுதல் வீட்டிலுள்ள எல்லோரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். நாமும் கேட்டோம். "வீட்டுக்காரன் ஏசமாட்டானோ?" என்றுதான் மனைவி முதலில் கேட்டார். விசாரித்தோம். 1989 ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, வீட்டை உருமாற்றாத சிறு ஒழுங்குகளை வீட்டுக்காரர் தடுக்கமுடியாது. சுவரை இடிக்க, மாற்றியமைக்கத்தான் அவருடைய எழுத்துமூல அனுமதி வேண்டும். படம் மாட்ட ஆணி அடிக்கலாம். வீட்டை விடும்போது ஓட்டையைப் பசை வைத்து அடைத்துவிடுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஐயாவின் படத்தை மாட்டினோம். மகள்தான் ஆணியைப் பிடித்தாள். படம் கொஞ்சம் சரிவாகத்தான் தொங்குகிறது. அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னோம். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "பூ வைச்சனீங்களோ?" என்று மட்டும் கேட்டார். லாச்சப்பலுக்குப் போய்ப் பூச்சரம் வாங்கி வந்தோம். சூட்கேஸ் இன்னும் அலுமாரிக்கு மேலேதான் இருக்கிறது. அது இருக்கட்டும்.

பிளாஸ் தே வோஸ்ஜ் வீட்டைப் பார்க்க விரும்புகிறவர்கள் கார் து நோரில் 5 ஆம் இலக்க மெற்றோ எடுத்து பஸ்டிலில் இறங்கி நடக்கலாம். அவர் வாழ்ந்த அறைகளைப் பார்க்கக் கட்டணம் இல்லை. திங்கட்கிழமை பூட்டு. பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். கேள்வி கேட்பார்கள், மறுமொழியைத் தயாராக வைத்திருங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.