கிருமி செய்தால் இயற்கை, மனிதன் செய்தால்?

போன வாரம் என் பேரன் பள்ளியிலிருந்து வந்ததும் கேட்டான்: "தாத்தா, கிருமியை வைத்து மக்காச்சோளத்தின் மரபணுவையே மாற்றுகிறார்களாமே! அது இயற்கைக்கு விரோதம்தானே?"

அந்தக் கிருமியின் பெயர் அக்ரோபாக்டீரியம். மண்ணில் வாழ்வது. ரோஜா, திராட்சை போன்ற செடிகளில் காயம் பட்டால், காயத்திலிருந்து கசியும் பொருளை மோப்பம் பிடித்து வந்துவிடும். தன் டி.என்.ஏ.விலிருந்து ஒரு துண்டைச் செடியின் செல்லுக்குள் அனுப்பும். அது செடியின் மரபணுக்களோடு சேர்ந்துகொள்ளும். அப்புறம் என்ன? அந்த இடத்தில் கழலை வீங்கும். கிருமிக்குப் பிடித்த உணவு அங்கே தயாராகும். செடி, கிருமியின் சமையல்காரன் ஆகிவிடுகிறது! கிருமியின் துண்டு செடிக்குள் இருப்பதை 1977இல் அமெரிக்காவில் மேரி டெல் சில்டன் குழுவினர் காட்டினார்கள்.

பிறகு விஞ்ஞானிகள் கழலை உண்டாக்கும் மரபணுக்களை நீக்கிவிட்டு, தாங்கள் விரும்பியதை அங்கே வைத்தார்கள். வண்டி அதேதான், சரக்குதான் வேறு.

ஆனால், மக்காச்சோளம் லேசில் மசியவில்லை. புல் இனமான அதை இந்தக் கிருமி சாதாரணமாகத் தொடாது. 1996இல் ஜப்பான் டொபாக்கோ கம்பெனியின் ஆய்வாளர்கள் (சிகரெட் கம்பெனிக்குச் சோளத்தில் என்ன வேலையோ!) முற்றாத மணியிலிருந்து ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள இளங்கருவை எடுத்தார்கள். காயம்பட்ட செடியில் கசியும் அதே பொருளைச் சேர்த்துக் கிருமியை அழைத்தார்கள். வந்துவிட்டது!

நாம் அவித்துத் தின்னும் சர்க்கரைவள்ளிக் கிழங்கிலும் இந்தக் கிருமியின் மரபணுக்கள் இருப்பதை 2015இல் கண்டுபிடித்தார்கள். எந்த ஆய்வகமும் அவற்றை அங்கே வைக்கவில்லை. ஆகவே, 'இயற்கைக்கு விரோதம்' என்ற பேச்சை நான் ஏற்கமாட்டேன்.

'இயற்கைதானே, அதனால் நல்லது' என்பதையும் ஏற்கமாட்டேன். கழலையும் இயற்கைதானே! வண்டியில் என்ன சரக்கு என்று பார்க்க வேண்டாமா? தின்ற புழுவைச் சாகடிக்கும் சோளம் ஒன்று. களைக்கொல்லி தெளித்தாலும் சாகாத சோளம் இன்னொன்று. முதலாவது, பூச்சிமருந்தைக் குறைக்க உதவலாம். இரண்டாவதோ, மருந்து தெளிப்பதற்காகவே வந்தது. இரண்டையும் ஒரே பெயரால் திட்டுவதும் பாராட்டுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவில் இத்தகைய விதையை வாங்கும் விவசாயி, விளைந்ததை எடுத்து வைத்து மறுபடி விதைப்பதில்லை என்று கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார். எனக்கு உறுத்துவது கிருமியல்ல, அந்தக் கையெழுத்துதான்.

"அப்படியானால் வகுப்பில் நான் என்ன கேட்கட்டும்?" என்றான் பேரன்.

"உள்ளே வைத்தது எந்த மரபணு, விதை யாருடையது என்று கேள்" என்றேன்.

திங்கட்கிழமை கேட்கப் போகிறானாம். டப்பாவில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு அவித்து வைக்கச் சொல்லியிருக்கிறான்.