ஊசி போட்டும் இறங்காத காய்ச்சல்

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் எங்கள் கொல்லிமலைக்கு வர வேண்டும். மேலே இருக்கும் எங்களுக்கோ காய்ச்சல் வந்தால் இன்னொரு ஊசி வேண்டும். மாத்திரை மட்டும் கொடுக்கும் டாக்டரை, "ஒரு ஊசிகூடப் போடலையே" என்று குறை சொல்லிக்கொண்டே பஸ் ஏறுவோம். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான்.

சில வருஷத்துக்கு முன் ஒரு கார்த்திகை மாதம். மிளகுக் கொடிக்கு அடியில் களை எடுத்துவிட்டு வந்த என் வீட்டுக்காரி பத்து நாள் கழித்துக் காய்ச்சலில் படுத்தாள். அடிவாரத்தில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். "நல்ல பவர் உள்ள ஊசியாப் போடுங்க சார்" என்று கேட்டது நான்தான். செஃப்ட்ரியாக்சோன். குப்பியில் வெள்ளைப் பொடியாக இருந்ததைக் கரைத்து நரம்பில் ஏற்றினார்கள். நான்கு நாள் போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. ஐந்தாம் நாள் அவளுக்கு மூச்சு வாங்கியது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அங்கே ஒரு சின்ன வயசு டாக்டரம்மா, தலை முதல் கால் வரை பார்த்தார். சேலைக் கட்டு இருக்கும் இடுப்பு மடிப்பில், பீடி நெருப்பு சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு. "இதை இத்தனை நாள் யாரும் பார்க்கலையா ஐயா?" என்றார். உண்ணிக்காய்ச்சல்! டாக்ஸிசைக்ளின் கொடுத்த இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. கஞ்சி கேட்டாள்.

ஊசியைக் குறை சொல்ல மாட்டேன். 1945-இல் இத்தாலியின் சார்டினியாத் தீவில், சாக்கடை கடலில் கலக்கும் இடத்தில் கிடைத்த பூஞ்சைதான் இந்த மருந்துக் குடும்பத்துக்கே மூலம். டைஃபாய்டு, மூளைக்காய்ச்சல், நிமோனியா என்று எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அது கிருமியின் செல்சுவரைக் கட்டவிடாமல் கொல்லும் மருந்து. உண்ணிக்காய்ச்சல் கிருமியோ நம் செல்லுக்குள்ளேயே புகுந்து வாழ்வது. அதனிடம் இந்த ஊசி பலிக்காது. புதரில் இருக்கும் கண்ணுக்கே தெரியாத பூச்சிக் குஞ்சு கடித்து வருகிற நோய் அது. காட்டிலும் தோட்டத்திலும் புழங்கும் நமக்கு வராமல் யாருக்கு வரும்? பொருக்கு எல்லாருக்கும் இருக்காது, அதற்கு ரத்தப் பரிசோதனை உண்டு. மாத்திரையோ மலிவு.

"என்ன ஊசி?" என்று கேட்ட நான், "என்ன காய்ச்சல்?" என்று முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். தேவையில்லாமல் போட்டுப் போட்டுக் கிருமிகளுக்கும் இந்த மருந்து பழகிக்கொண்டே வருகிறது. அதனால்தான் 2014 மார்ச் 1 முதல் இதைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாது, நோயாளி பெயரையும் டாக்டர் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே வந்தது.

போன வாரம் மருந்துக் கடையில் பக்கத்துத் தோட்டத்துக்காரர், மகனுக்கு அந்த ஊசியைப் பெயர் சொல்லிக் கேட்டார். கடைத் தம்பி சீட்டு கேட்டான். இவருக்குக் கோபம். "பையன் உடம்பை முதல்ல டாக்டர்கிட்ட முழுசாக் காட்டுங்க" என்றேன். முறைத்துவிட்டுப் போனார். சாயங்காலம் மகனோடு பஸ்ஸுக்கு நின்றதைப் பார்த்தேன்.