வலிக்குதா? நல்லது பாஸ்!

கொல்லிமலைக்கு பைக் ட்ரிப் போகாத நாமக்கல், சேலம் காலேஜ் பசங்க உண்டா? காரவள்ளியில் வண்டியை முறுக்கினால் 70 கொண்டை ஊசி வளைவு, ஆகாய கங்கை அருவி, நாலு செல்ஃபி, திரும்பும்போது ரெண்டு அன்னாசிப்பழம். டூர் ஓவர்!

அதே மலையில் 1914-ல் ஒரு குழந்தை பிறந்தது. பெயர் பால் பிராண்ட். இந்த வாரம் அவர் கதைதான். ஏன்னு கேக்குறீங்களா? நம்ம கிறிஸ்டியன் ஃப்ரெண்ட்ஸ் கேன்டீனில் உட்கார்ந்து புலம்புகிற ஒரு டயலாக் இருக்கிறதே... "ஊரே மாறிப்போச்சு மச்சி. நாம மட்டும் பைபிளைப் பிடிச்சுக்கிட்டு நின்னா வேலைக்கு ஆகுமா?" அதற்கு இவரிடம் ஒரு பதில் இருக்கிறது.

பாலின் அப்பா ஜெஸ்ஸி, அம்மா எவ்லின். இங்கிலாந்திலிருந்து ஊழியத்துக்கு வந்தவர்கள். மலை மக்களுக்கு வைத்தியம், பள்ளிக்கூடம், விவசாயம் என்று எல்லா வேலையும் பார்த்தார்கள். 1929-ல் ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்துபோனார். எவ்லினுக்கு 70 வயது நெருங்கும்போது, "ரிட்டயர் ஆகுங்க" என்றது மிஷன். அந்தப் பாட்டி என்ன செய்தார் தெரியுமா? மிஷனை விட்டு விலகி, தன் சொந்தப் பொறுப்பில் மறுபடி மலை ஏறிவிட்டார்! 1974-ல், 95 வயதில் இறக்கும்வரை அவருக்கு இந்தப் பக்கத்து மலைகள்தான் வீடு.

பையன் பால், முதலில் கட்டட வேலை கற்றுக்கொண்டு, பிறகு டாக்டருக்குப் படித்து, 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். அங்கேதான் அந்தக் கண்டுபிடிப்பு. தொழுநோய் வந்தால் விரல்கள் தானாக அழுகி விழும் என்றுதான் அதுவரை நம்பினார்கள். பிராண்ட் கூர்ந்து பார்த்தார். சதை தானாக அழுகவில்லை. நோய் நரம்பைத் தாக்கி, வலி தெரியாமல் செய்துவிடுகிறது. சுடுகிற பாத்திரத்தைத் தொட்டாலும் தெரியாது. செருப்பில் ஆணி குத்தினாலும் தெரியாது. ராத்திரி தூக்கத்தில் எலி விரலைக் கடித்தால்கூடத் தெரியாது! அதனால் சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களிடம் ஆளுக்கொரு பூனை கொடுத்து அனுப்பினார்களாம். 'வலி என்பது ஒரு பரிசு' என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார் அந்த டாக்டர்.

(ஒரு விஷயம்: தொழுநோயைப் பாவத்தோடு முடிச்சுப் போடுகிற பழைய தப்பு நமக்கு வேண்டவே வேண்டாம். அது கிருமியால் வருகிற நோய். கூட்டு மருந்தில் முழுசாகக் குணமாகும். நான் சொல்ல வருவது வலியைப் பற்றி மட்டும்தான்.)

மனசுக்கும் ஒரு நரம்பு இருக்கிறதுங்க. முதல் தடவை ப்ராக்ஸி கொடுக்கும்போது உறுத்தும். பத்தாவது தடவை உறுத்தாது. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டைக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறவனுக்கு, "எல்லாரும் பண்றாங்க பாஸ்" என்கிற ஒரு வரி போதும். வலி போயே போச்சு. கூடப் படிக்கிற பெண்ணின் போட்டோவை குரூப்பில் போட்டுக் கிண்டல் அடித்தால் சிரிப்பு வருகிறது, கூச்சம் வருவதில்லை.

சர்ச் மட்டும் என்ன விதிவிலக்கா? கல்யாண அறிவிப்பை மூன்று ஞாயிறு வாசிக்கிறார்கள். எத்தனை பவுன், என்ன கார் என்பதை மட்டும் யாரும் வாசிப்பதில்லை! வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961-ல். ஆனாலும் பி.இ. மாப்பிள்ளைக்கு ரேட் பேசும்போது கை நடுங்குகிறதா? திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில், செத்த பிறகும் சாதி பார்த்துப் பிரிக்க ஒரு சுவர் எழுப்பினார்களே, அதைக் கட்டியவர்களும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனவர்கள்தான்.

அதனால் 'அந்தக் காலம் சுத்தம், இந்தக் காலம் மோசம்' என்று நான் சொல்ல மாட்டேன். நம்ம சேலம் பக்கம் பெண் சிசுவைக் கொல்வது ஒரு காலத்தில் 'ஊர் வழக்கமாக' இருந்தது. யாருக்கும் வலிக்கவில்லை. 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசு முதலில் தொடங்கியது சேலத்தில்தான். அதுவும் ஒரு மாற்றம்தானே? மரத்துப்போன இடத்தில் வலி திரும்பி வந்த மாற்றம். ஆக, ஊர் மாறுகிறதா இல்லையா என்பதல்ல கேள்வி. அந்த மாற்றத்தில் நமக்கு உணர்ச்சி கூடுகிறதா, குறைகிறதா என்பதுதான்.

இப்போ நம்ம இன்ஜினீயரிங் மக்களுக்கு ஒரு ஸ்பெஷல் மேட்டர். பிராண்ட் 1966-ல் அமெரிக்காவின் லூசியானாவுக்குப் போனார். அங்கே இன்ஜினீயர்களோடு சேர்ந்து செயற்கை வலியைத் தயாரிக்கப் பார்த்தார். கையுறையில் சென்சார் வைத்து, அழுத்தம் கூடினால் காதில் பீப் சத்தம். யாரும் சட்டை செய்யவில்லை. சரி, ஷாக் கொடுப்போம் என்றார்கள். அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டார்கள்: ஆபத்தான வேலை வந்ததும் ஸ்விட்சை ஆஃப் பண்ணிவிட்டு, வேலை முடிந்ததும் ஆன் பண்ணிக்கொண்டார்கள்! திட்டம் ஊத்திக்கொண்டது.

நம்மில் பலரது விசுவாசம் இப்படித்தான் ஓடுகிறது. ஞாயிறு காலை ஆன். இன்டெர்னல் மார்க், கல்யாணப் பேச்சு, சாதிப் பேச்சு வந்தால் ஆஃப். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே, மனசாட்சியைச் சுட்டுக்கொண்டவர்களைப் பற்றிக் கவலைப்படுகிறார். அப்போ இது நேற்று வந்த வியாதி இல்லை.

ஸ்விட்சை ஆனிலேயே வைத்தால் நஷ்டம் வருமா? வரும். சொந்தமாகச் செய்த ப்ராஜெக்ட், காசு கொடுத்து வாங்கியதைவிடக் குறைவான மார்க் வாங்கலாம். வரதட்சணை வேண்டாம் என்கிற பையனைச் சொந்தக்காரர்களே, "என்ன கோளாறோ?" என்று பார்ப்பார்கள். பிராண்ட் பாட்டிக்கும் பென்ஷனோடு லண்டன் வீடு வசதியாகத்தான் இருந்திருக்கும்.

சரி, மரத்துப்போனவர்கள் என்ன செய்வது? அதற்கும் டாக்டரிடம் வைத்தியம் உண்டு. வலி தெரியாதவர்கள் தினமும் தங்கள் கை, காலைக் கண்ணால் பார்த்துச் சோதிக்கவேண்டும் என்று கற்றுக்கொடுத்தார்கள். உணர்ச்சி இல்லாத இடத்தில் கவனம்தான் காவல். நாமும் ராத்திரி படுக்கப்போகும் முன் அஞ்சு நிமிஷம் அதைச் செய்யலாமே. இன்னிக்கு யாரைக் காயப்படுத்தினோம்? எங்கே ஸ்விட்சை அணைத்தோம்? சர்ச்சுக்குப் போகிறவர், போகாதவர் எல்லாருக்கும் இந்த டெஸ்ட் பொது.

பதில் தேடும்போது கொஞ்சம் வலித்தால் பயப்படாதீங்க. நரம்பு வேலை செய்யுதுன்னு அர்த்தம். அடுத்த வாரம் பார்ப்போம்!