பெல்லந்தூரிலும் அதே நுரை

ஓசூர் அருகே தென்பெண்ணை ஆற்றிலுள்ள கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும்போதெல்லாம், 'கன்னடர்கள் நம் மீது சாக்கடையைத் திறந்துவிடுகிறார்கள், அவர்களிடம் பேசிப் பயனில்லை' என்ற வாதம் எழுகிறது. தென்பெண்ணையை நம்பி உழுபவரின் கோபம் முழுக்க நியாயமானது. ஆனால் ஒரு மொழி பேசுவோர் அத்தனை பேரையும் குற்றவாளியாக்குவதை ஏற்க முடியாது.

இந்தக் கழிவு பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகவும் வருகிறது. அங்கும் இதே நுரைதான். பெல்லந்தூர் ஏரி 2015, 2017, 2018 ஆண்டுகளில் தீப்பற்றியே எரிந்தது. அந்தப் புகையைச் சுவாசித்தவர்களில் கன்னடரும் உண்டு, தமிழரும் உண்டு. அங்கே குடியேறிய நம் உறவினர் வீட்டுச் சோப்புத் தண்ணீரும் இந்த நுரையில் இருக்கிறது. சுத்திகரிக்காமல் விட்ட நிர்வாகத்தைக் கேளுங்கள்.

'பழகினால் பகை தீரும்' என்போர் சொல்வதும் பாதிதான் சரி. பல்லாண்டு அக்கம்பக்கமாக வாழ்ந்தும் 1991இலும் 2016இலும் காவிரியின் பெயரால் பெங்களூரில் வன்முறை வெடித்தது. 1954இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் உளவியலாளர் முசாபர் ஷெரீப் ஒரு முகாமில் சிறுவர்களை இரு அணிகளாகப் பிரித்து ஆராய்ந்தார். பகை மூண்டபின் ஒன்றாகச் சாப்பிட வைத்தபோதும் சண்டைதான் வந்தது. முகாமுக்குத் தண்ணீர் நின்றுபோய், இரு அணியும் சேர்ந்து அடைப்பைத் தேடியது போன்ற கூட்டு வேலைகளே பகையைத் தணித்தன.

நமக்கும் அந்த வேலை தண்ணீரில்தான் இருக்கிறது. ஓசூர் விவசாயிகளும் வர்த்தூர்க் குடியிருப்பாளர்களும் ஒரே மனுவில் கையெழுத்திட்டுப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் ஓசூரில் ஏராளம். அவர்களே முதலில் பெல்லந்தூருக்குப் போய்ப் பேசட்டும்.