வலி நின்ற பிறகு



பல் வலித்தால் நம் வீடுகளில் முதலில் திறப்பது அஞ்சறைப் பெட்டியைத்தான். ஒரு கிராம்பை எடுத்து வலிக்கிற இடத்தில் அடக்கிக்கொள்வோம். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிப்போம். ராத்திரி தாங்கவில்லையென்றால் மருந்துக் கடையில் ஒரு மாத்திரை. நாலைந்து நாளில் வலி அடங்கும். 'சரியாகிவிட்டது, டாக்டரிடம் போக வேண்டாம்' என்று நிம்மதியாகிவிடுவோம். அந்த நிம்மதியைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச நினைக்கிறேன்.

கிராம்பைக் குறை சொல்லவில்லை. அதிலுள்ள யூஜெனால் உண்மையிலேயே வலியை மரக்கச் செய்யும். பல் குழியைத் தற்காலிகமாக அடைக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் மருந்திலும் அது உண்டு. ஆனால் கிராம்பால் சொத்தையை நிறுத்த முடியாது. சொத்தை எனாமலைக் கடந்து உள்ளே இறங்கும்போது முதலில் ஜில்லென்ற தண்ணீருக்குக் கூசும், இனிப்புக்குக் கூசும். இன்னும் இறங்கினால் சூடான காபி பட்டு, டம்ளரைக் கீழே வைத்த பிறகும் வலி விடாது. படுத்தால் விண் விண்ணென்று தெறிக்கும். அதற்கும் அடுத்த கட்டத்தில் திடீரென்று வலி நின்றுவிடும். பல்லுக்குள் இருந்த நரம்பு செத்துப்போனதால் நின்ற வலி அது. கிருமி எங்கும் போகவில்லை. வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கி, மாதங்களோ வருடங்களோ கழித்துச் சீழும் வீக்கமுமாக வெளியே வரும். முதல் கூச்சத்திலேயே காட்டியிருந்தால் குழியை அடைத்து அனுப்பியிருப்பார்கள். இப்போது ரூட் கெனால், அதன்மேல் கேப், இல்லையென்றால் பல்லையே எடுக்க வேண்டும். செலவுக்கு அஞ்சித் தள்ளிப்போட்டவர்களே கடைசியில் அதிகம் செலவழிக்கிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

சரி, வீட்டில் ஒன்றும் செய்ய முடியாதா? குழி விழுகிற வரைக்கும் நிறையவே முடியும். நாம் சாப்பிடும் சர்க்கரையை வாயிலுள்ள கிருமிகள் அமிலமாக்குகின்றன. அந்த அமிலம் எனாமலிலிருந்து சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. ஏறத்தாழ அரை மணி நேரத்தில் எச்சில் அந்த அமிலத்தைத் தணித்து, கரைந்த சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பச் சேர்க்கிறது. ஆகவே எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்பதைவிட எத்தனை தடவை என்பதே முக்கியம். மணிக்கொரு டீ, நடுநடுவே பிஸ்கட் என்று இருந்தால் எச்சிலுக்கு வேலை செய்ய அவகாசமே கிடைக்காது. டீயையும் இனிப்பையும் சாப்பாட்டு வேளையோடு சேர்த்துக்கொள்ளுங்கள், நடுவில் வெறும் தண்ணீர் போதும். தூங்கும்போது எச்சில் மிகவும் குறைந்துவிடும் என்பதால் ராத்திரி பல் துலக்குவதைத் தயவுசெய்து விடாதீர்கள். காலையில் மட்டும் துலக்குவது நம் ஊரில் ஊறிப்போன பழக்கம். இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் நான் ராத்திரியைத்தான் சொல்வேன்.

பேஸ்ட்டில் ஃபுளோரைடு இருக்க வேண்டும். 1000 முதல் 1500 பிபிஎம் வரை இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து வாசகர்கள் இதைக் கேட்டுத் தயங்கக்கூடும். அங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்ததால்தான் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை ஏறியது. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அந்தக் கறை பல் உருவாகும் வயதில் வருடக்கணக்காகக் குடித்த தண்ணீரால் வந்த வினை. துலக்கித் துப்பிவிடும் பேஸ்ட்டுக்கு அந்த அச்சம் வேண்டாம். மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு அரிசி மணியளவு, அதற்கு மேல் பட்டாணியளவு வைத்து, பக்கத்தில் நின்று துப்பச் சொல்லுங்கள். துலக்கிய பிறகு நுரையைத் துப்பினால் போதும். வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃபுளோரைடும் சேர்ந்து போய்விடும்.

உமிக்கரி, சாம்பல், செங்கல் பொடி எல்லாம் பல்லைத் தேய்த்துத்தான் வெள்ளையாக்கும். தேய்ந்த எனாமல் திரும்ப வளராது. புகையிலை கலந்த பல்பொடி இன்னும் மோசம். பற்பசையிலும் பல்பொடியிலும் புகையிலை சேர்ப்பதை 1992-லேயே அரசு தடை செய்துவிட்டது.

ஈறில் ரத்தம் வந்தால் அந்த இடத்தைத் தொடாமல் விடுவோம். அங்கேதான் மிருதுவான பிரஷ்ஷால் கவனமாகத் துலக்க வேண்டும். இரண்டு வாரம் அப்படிச் செய்தும் ரத்தம் நிற்கவில்லையென்றால் காரை படிந்திருக்கலாம். கல்லாகிப்போன காரையை எந்த பிரஷ்ஷும் எடுக்காது, எந்த எண்ணெய்க் கொப்பளிப்பும் கரைக்காது. கிளீனிங் செய்தால் பல் ஆடிப்போகும் என்று பலர் பயப்படுகிறார்கள். காரை ஈறையும் எலும்பையும் முன்பே அரித்துவிட்டதால்தான் அந்தப் பல் ஆடுகிறது. காரையை எடுத்த பிறகு அது தெரிகிறது, அவ்வளவுதான். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருங்கள். ஈறு நோய் இருந்தால் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது கடினம், சர்க்கரை ஏறினால் ஈறு ஆறத் தாமதமாகும். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்ற பயமும் இன்னும் இருக்கிறது. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு.

பிள்ளைகள் விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆறு வயதை ஒட்டி, எந்தப் பால் பல்லும் விழாமலேயே கடைசியில் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். அதைப் பால் பல் என்று எண்ணி, 'விழப்போவதுதானே' என்று விட்டுவிடுகிறோம். அது ஆயுள் முழுக்க இருக்க வேண்டிய பல். டார்ச் அடித்துப் பாருங்கள். பால் பல்லில் சொத்தை இருந்தால் டிரில்லுக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டாம். சில்வர் டைஅமைன் ஃபுளோரைடு என்ற திரவத்தைத் தடவியே பல சொத்தைகளை மேலும் பரவாமல் நிறுத்தலாம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் அதை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. தடவிய இடம் கறுப்பாகும், பரவாயில்லை.

சிலவற்றில் வீட்டு வைத்தியத்துக்கு இடமே கிடையாது. இரண்டு வாரமாகியும் ஆறாத புண், பாக்கோ பான் மசாலாவோ போடுகிறவருக்கு வாய் முன்போலத் திறக்காமல் போவது: இவற்றை உடனே காட்டிவிடுங்கள். தாடைக்குக் கீழே வீங்கி, காய்ச்சலோடு எச்சில் விழுங்கச் சிரமப்பட்டால் விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே பெரிய மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

பணம்தான் தடை என்றால், அரசு தலைமை மருத்துவமனைகளில் பல் பிரிவு இருக்கிறது. சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் கட்டணம் குறைவு. ஆசிரியர்களின் மேற்பார்வையில் மாணவர்கள் பார்ப்பதால் நேரம் கொஞ்சம் கூடும். பயம்தான் தடை என்றால் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள், கையை உயர்த்தினால் நிறுத்தும்படி முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். 'இன்று பார்க்க மட்டும்தான் வந்தேன். எதை முதலில் செய்ய வேண்டும், எவ்வளவு ஆகும் என்று எழுதிக் கொடுங்கள்' என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். கர்ப்பமாக இருந்தால் சொல்லிவிடுங்கள். காலையில், சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்