சபைக்கு அறிவித்தோம், வங்கிக்கு அறிவித்தோமா?



மஸ்கட்டிலும் குவைத்திலும் துபாயிலும் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் பிரயாசப்பட்டு, தங்கள் கடைசிக் காலத்தைக் குடும்பத்தோடு செலவிடும்படி பெங்களூருக்குத் திரும்பி வருகிற சகோதரர்கள் நமது சபைகளில் அநேகர். லிங்கராஜபுரத்திலோ கம்மனஹள்ளியிலோ ஹென்னூர் பக்கத்திலோ வீடு ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கும். வந்த முதல் ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று, "இனி திரும்பிப் போவதில்லை, நிரந்தரமாக வந்துவிட்டேன்" என்று சாட்சி சொல்லுகிறார்கள். சபையாரும் மகிழ்ந்து தோத்திரம் சொல்லுகிறார்கள். அதே செய்தியைத் தமது வங்கிக்குச் சொல்லுகிறவர் மிகச் சிலரே.

சொல்லாததற்குக் காரணம் சோம்பல் மாத்திரமல்ல, பயமும்கூட. வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கென்று இருக்கிற என்.ஆர்.இ. கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது. "திரும்பி வந்துவிட்டேன் என்று சொன்னால் வரி பிடித்துவிடுவார்களே, கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று நண்பர்கள் ஆலோசனை சொல்லுகிறார்கள். இந்த ஆலோசனை தவறானது. அதைவிட ஆச்சரியமான காரியம் என்னவென்றால், நம்மில் பெரும்பாலோருக்கு அது அவசியமற்ற ஆலோசனையும்கூட. அதைச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

முதலாவது சட்டத்தைப் பார்ப்போம். 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தை 'ஃபெமா' என்று அழைக்கிறார்கள். ஒருவர் இந்தியாவில் நிலையாகத் தங்கும் எண்ணத்தோடு வந்து இறங்கினால், அந்த நாள் முதற்கொண்டே இச்சட்டத்தின்படி அவர் இங்கு வசிப்பவர். எத்தனை நாட்கள் தங்கினார் என்ற கணக்கு அதற்கு வேண்டியதில்லை. ஆகையால் திரும்பியவுடனே என்.ஆர்.இ. கணக்கை உள்நாட்டுக் கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும், அல்லது அதிலுள்ள பணத்தை ஆர்.எப்.சி. என்னும் அந்நியச் செலாவணிக் கணக்குக்குக் கொண்டுபோக வேண்டும். மாற்றாமல் விட்டுவிட்டால் கணக்கின் பெயர் பழையபடி இருக்கும், ஆனால் வரிவிலக்கு நின்றுபோயிருக்கும். பாஸ்புத்தகத்தில் 'என்.ஆர்.இ.' என்று அச்சாகி வருவதனால் விலக்கு தொடர்கிறது என்று எண்ணிக்கொள்ளலாகாது. அந்தச் சட்டத்தை மீறினால், சம்பந்தப்பட்ட தொகையின் மூன்று மடங்கு வரைக்கும் அபராதம் விதிக்க இடமிருக்கிறது.

வருமான வரிச் சட்டமோ வேறு விதமாகக் கணக்கிடுகிறது. அது நாட்களை எண்ணுகிறது. ஒரு நிதியாண்டில் 182 நாட்கள் இங்கிருந்தால் அவர் வசிப்பவர். 60 நாட்களும், அதற்கு முந்தின நான்கு ஆண்டுகளில் சேர்த்து 365 நாட்களும் இங்கிருந்தாலும் வசிப்பவரே. ஆண்டுக்கு ஒரு மாத விடுப்பில் மாத்திரம் வந்துபோன ஒருவர் நவம்பரில் நிரந்தரமாகத் திரும்பினால், மார்ச் 31-க்குள் 182 நாட்களும் ஆகாது, முந்தின நான்கு ஆண்டுகளின் 365 நாட்களும் சேராது. அந்த ஆண்டுக்கு அவர் வருமான வரிச் சட்டத்தின்படி வெளிநாட்டில் வசிப்பவராகவே இருப்பார். ஆகவே அந்த ஆண்டு அங்கே பெற்ற சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. ஆனால் ஃபெமாவின்படி அவர் நவம்பரிலேயே நம்மவராகிவிட்டார். ஒரே மனிதர், ஒரே ஆண்டு, இரண்டு சட்டங்களில் இரண்டு நிலை. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

அதன் பின்பு இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒரு நடுநிலை உண்டு. முந்தின பத்து ஆண்டுகளில் ஒன்பது ஆண்டுகள் வெளிநாட்டவராக இருந்தவரையும், முந்தின ஏழு ஆண்டுகளில் மொத்தம் 729 நாட்களுக்கு மேல் இங்கே இராதவரையும், 'வசிப்பவர், ஆனாலும் வழக்கமாக வசிப்பவரல்ல' என்று சட்டம் கருதுகிறது. ஆங்கில எழுத்துகளில் 'ஆர்.என்.ஓ.ஆர்.' என்பார்கள். இக்காலத்தில் துபாய் வங்கியில் விட்டுவந்த பணத்தின் வட்டிக்கும் அங்குள்ள வீட்டின் வாடகைக்கும் இங்கே வரி கிடையாது. ஆர்.எப்.சி. கணக்கின் வட்டிக்கும், அந்நியச் செலாவணியிலேயே இருக்கிற எப்.சி.என்.ஆர். வைப்புத்தொகையின் வட்டிக்கும் விலக்கு உண்டு. அந்த வைப்புத்தொகையை, பேசிய வட்டி வீதத்தில் அதன் தவணை முடியும்வரை அப்படியே வைத்திருக்கவும் அனுமதி உண்டு. ஆனால் என்.ஆர்.இ. வட்டிக்கு இந்த நடுநிலை ஒன்றும் செய்யாது. "மூன்று வருஷத்துக்கு எதற்கும் வரி இல்லை" என்று சில ஏஜெண்டுகள் சொல்லுவது பாதி உண்மை. பாதி உண்மையை நம்பி டெபாசிட் போட்டவர்களுக்குப் பின்னால் நோட்டீஸ் வருகிறது.

வசிப்பிடம் மாறும்போது வரியும் மாறுவது நமது தேசத்தில் மாத்திரமல்ல. ஓய்வுக்காலத்தைக் கழிக்கத் தாய்லாந்துக்குப் போகிற மேலைநாட்டார் பலர். ஓய்வு விசாவுக்கு 50 வயது நிறைந்திருக்க வேண்டும், அங்குள்ள வங்கியில் 8 லட்சம் பாட் வைத்திருப்பது அதற்கான வழிகளில் ஒன்று. ஆண்டில் 180 நாட்கள் தங்கினால் அந்த தேசத்தின் வரிக்கு உட்பட்டவர். வெளிநாட்டில் சம்பாதித்ததை அடுத்த ஆண்டில் கொண்டுவந்தால் வரியில்லை என்று அவர்கள் நெடுங்காலம் நிம்மதியாக இருந்தார்கள். 2024 ஜனவரி 1 முதல் அந்த வழி அடைபட்டது. நாம் போகிற திசை வேறு, ஆயினும் பழைய நிலையே தொடரும் என்று எண்ணிக்கொண்டிருப்பதன் ஆபத்து ஒன்றுதான்.

இப்பொழுது அந்த பயத்துக்கு வருவோம். ஒரு சகோதரர் 62 வயதில் திரும்பி வந்து, பணிக்கொடையும் சேமிப்புமாக ஒரு கோடியே 20 லட்சம் ரூபாயை வங்கியில் வைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 7 சதவீத வட்டியில் ஆண்டுக்கு 8 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய். வேறு வருமானம் இல்லை. 2025-26 நிதியாண்டு முதல், புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரையிலான வருமானத்துக்குத் தள்ளுபடி இருப்பதனால், அவர் செலுத்த வேண்டிய வரி ஒன்றுமில்லை! இந்தத் தள்ளுபடி இங்கு வசிப்பவருக்கு மாத்திரமே உரியது. அதாவது, உண்மையைச் சொல்லுகிறவருக்கு வரி இல்லை, வெளிநாட்டவர் என்று நடித்துக்கொண்டிருக்கிறவரோ இல்லாத விலக்கை நம்பிக்கொண்டு சட்டத்துக்குப் பிழையாகிறார். அறுபது வயதானவர் சேரக்கூடிய மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டமும் வெளிநாட்டில் வசிப்பவருக்குத் திறந்ததல்ல. இங்கு வசிப்பவர் அதில் 30 லட்சம் வரை வைக்கலாம்.

வரி இல்லை என்பதனால் கணக்குக் கொடுக்க வேண்டியதில்லை என்று நினைக்க வேண்டாம். புதிய முறையில் வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால் ரிட்டர்ன் தாக்கல் செய்யத்தான் வேண்டும். வட்டி ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினால் மூத்த குடிமகனிடத்திலும் வங்கி 10 சதவீதம் டி.டி.எஸ். பிடிக்கும். தனக்கு வரி வராது என்ற உறுதிமொழிப் படிவத்தை ஆண்டின் தொடக்கத்திலேயே கொடுத்தால் பிடிக்கமாட்டார்கள். இதை '15 எச்' என்று நீண்ட காலமாக அறிந்திருக்கிறோம். 1961-ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2025-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1-ஐத் தொடக்க நாளாகக் கொண்டது. பிரிவுகளின் எண்களும் படிவங்களின் எண்களும் அதனால் மாறுகிறபடியால், எண்ணைப் பிடித்துக்கொள்ளாமல் "மூத்த குடிமகனுக்கு வரி பிடிக்காதிருக்கும் படிவம்" என்று கேளுங்கள்.

மனைவியின் பெயரில் பாதியைப் போட்டுவிட்டால் வருமானம் இரண்டாகும் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். கணவன் மனைவிக்கு இலவசமாகக் கொடுத்த பணத்தின் வட்டி கணவனுடைய வருமானத்தோடேதான் சேர்க்கப்படும். மனைவி தாமே செவிலியராக உழைத்துச் சேர்த்தது என்றால் அது வேறு.

இன்னொரு சிறிய காரியம் பலரைத் தடுமாறச் செய்கிறது. பான் அட்டையை ஆதாரோடு இணைப்பதிலிருந்து வெளிநாட்டில் வசிப்பவருக்கு விலக்கு உண்டு. திரும்பி வந்தபின் அந்த விலக்கு இல்லை. இணைக்காத பான் செயலிழந்துபோனால், வங்கி 10-க்குப் பதிலாக 20 சதவீதம் பிடிக்கும், உறுதிமொழிப் படிவமும் செல்லாது. ஆகையால் வந்து இறங்கியதும் ஆதாரைக் கவனியுங்கள்.

அங்கேயே விட்டுவந்த கணக்கு ஏதாவது இருந்தால், நடுநிலை ஆண்டுகள் முடிந்தபின் அதை ரிட்டர்னில் காட்டவேண்டும். காட்டாதவருக்கு 2015-ஆம் ஆண்டின் கறுப்புப்பணச் சட்டம் 10 லட்சம் ரூபாய் அபராதத்தை வைத்திருக்கிறது. வெளிநாட்டிலுள்ள அசையாச் சொத்து நீங்கலான மற்றவை மொத்தம் 20 லட்சத்துக்கு மேற்படாதவர்களுக்கு 2024 அக்டோபர் முதல் இதிலிருந்து தளர்வு உண்டு. வளைகுடா வங்கிகளின் கணக்கு விவரங்கள் அரசாங்கங்களுக்குள்ளே பரிமாறப்படுகிற காலம் இது. ஒளித்து வைக்கலாம் என்ற எண்ணம் பழங்காலத்தது.

வரியைப் பற்றி இவ்வளவு எழுதியபோதிலும், எனக்கு அதைவிட பாரமாயிருக்கிறது வேறொன்று. எனக்கு அறிமுகமான ஒரு குடும்பத்தில், ஓமானில் குளிர்சாதன மெக்கானிக்காக உழைத்த சகோதரர் திரும்பி வந்த ஏழாம் மாதத்தில் மாரடைப்பால் மரித்தார். பணம் முழுவதும் அவர் ஒருவர் பெயரில் இருந்த என்.ஆர்.இ. கணக்கில். நாமினியாக அவர் எழுதியிருந்தது தமது தாயாரை, அவரோ முன்னமே காலமானவர். வங்கியில் பதிவான தொலைபேசி எண் ஓமான் எண். சிம் நின்றுபோனதால் ஓ.டி.பி. எங்கே போய்ச் சேர்ந்ததோ தெரியாது. முகவரி திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம். அந்தச் சகோதரிக்குத் தமிழ் மாத்திரமே வாசிக்கத் தெரியும், கிளையில் கொடுத்த படிவங்களோ கன்னடத்திலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருந்தன. வாரிசுச் சான்று, வக்கீல், கச்சேரி என்று ஓராண்டுக்கு மேல் அலைந்தார்கள். அந்த நாட்களில் அரிசியும் பள்ளிக் கட்டணமும் சபையார் கொடுத்தது. கணவர் ஈட்டிய பணம் அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் பத்திரமாக இருந்தது.

இது நேராதபடி செய்ய அதிக நேரம் ஆகாது. கணக்கை உள்நாட்டுக் கணக்காக மாற்றுகிற அன்றைக்கே மனைவியையும் உடன் அழைத்துப்போய், இருவரில் எவரும் இயக்கலாம், மற்றவருக்குப் பின் உயிரோடிருப்பவருக்கு என்ற முறையில் கூட்டுக் கணக்காக்குங்கள். வெளிநாட்டவராக இருந்தவரைக்கும் இங்கு வசிக்கும் உறவினரை அந்த முறையில் சேர்க்க இயலாது, இப்பொழுது இயலும். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாக எழுதலாம். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ளுகிறவரே அல்லாமல், அதற்கு உடையவரல்ல. உயில் இல்லாமல் மரிக்கிற கிறிஸ்தவருடைய சொத்தில், 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி, பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும் பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கும் சேரும். மனைவிக்கு முழுவதும் சேரவேண்டும் என்று விரும்புகிறவர் உயில் எழுதத்தான் வேண்டும். உயில் எழுதினால் சீக்கிரம் மரணம் வரும் என்று நம்மவர்கள் இன்னமும் பேசிக்கொள்வது எனக்கு விளங்கவில்லை.

எங்கே வைப்பது என்பதிலும் இந்த நகரம் நமக்குப் பாடம் சொல்லியிருக்கிறது. சிவாஜிநகரில் இயங்கிய ஐ.எம்.ஏ. நிறுவனம் மாதந்தோறும் பெரிய லாபம் தருவதாகச் சொல்லித் திரட்டிய பணம் 2019 ஜூனில் மூழ்கியது. 2020 ஜனவரியில் பசவனகுடியின் ஸ்ரீ குரு ராகவேந்திர சககார வங்கியில் ஒருவர் 35,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக்கூடாதென்று ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தபோது, வாசலில் நின்றவர்களில் ஓய்வுபெற்ற முதியோர் அநேகர். அதே ஆண்டு பிப்ரவரி 4 முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. அதற்கு மேற்பட்டதை ஒரே சிறிய வங்கியில், அரை சதவீத வட்டிக்காக வைப்பவர் யோசித்து வைக்கட்டும்.

ஏற்கெனவே திரும்பி வந்து நான்கைந்து ஆண்டுகள் ஆகியும் எதுவும் மாற்றாதவர்கள் இதை வாசித்துக் கலங்க வேண்டாம். முதலில் வங்கிக்குப் போய் நிலையை மாற்றுங்கள். பின்பு ஓர் ஆடிட்டரிடம், திரும்பிய தேதி முதல் வட்டிச் சான்றிதழ்களை எல்லாம் கொண்டுபோங்கள். அந்த ஆண்டுகளில் தள்ளுபடி இன்றைப்போல் 12 லட்சமாக இருக்கவில்லை என்பதால் சிலருக்கு வரி பாக்கி இருக்கும். நான்கு ஆண்டுகள் வரைக்கும் பின்சென்று 'அப்டேட்டட் ரிட்டர்ன்' தாக்கல் செய்ய வழி உண்டு. தாமதிக்கிற ஒவ்வோர் ஆண்டுக்கும் கூடுதல் தொகை ஏறிக்கொண்டே போகும். போகும்போது பாஸ்போர்ட், ரத்து செய்யப்பட்ட விசாவின் நகல், பான், ஆதார், பெங்களூர் முகவரிக்குச் சான்று, இருவருடைய புகைப்படங்கள் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். படிவத்தை வாசிக்க இயலாதவர்கள், சபையில் வங்கி வேலை செய்கிற ஒரு தம்பியையோ தங்கையையோ சனிக்கிழமை காலையில் துணைக்கு அழையுங்கள். இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் வங்கி கிடையாது.